கேட்டு எழுதும் படிப்பு

தொ. பரமசிவன் முனைவர் பட்டத்துக்கு அழகர் கோயிலை எடுத்துக்கொண்டார். அந்த ஆய்வு 1989-இல் மதுரை காமராசர் பல்கலைக்கழக வெளியீடாகப் புத்தகமாயிற்று. கோயில் ஆய்வு என்றால் கல்வெட்டு, பாசுரம், தலபுராணம், கட்டடக்கலை என்று நூலக மேசையிலேயே வேலையை முடித்துவிடலாம். அவர் சித்திரைத் திருவிழாவுக்கு வருகிறவர்களிடம் போனார். திரியெடுத்து ஆடுகிறவர்கள், தோல்பையில் நீர் சுமந்து பீய்ச்சுகிறவர்கள், சாட்டையடித்து ஆடுகிறவர்கள், வர்ணிப்புப் பாடுகிறவர்கள் எல்லாரும் எந்த ஊர், எந்தச் சாதி, எதற்காக நேர்ந்துகொண்டார்கள் என்று கேட்டார். கோயிலுக்கும் சுற்றியிருக்கும் உழைக்கும் மக்களுக்கும் என்ன உறவு என்பதை அந்தப் பதில்களைக் கொண்டுதான் அவரால் எழுத முடிந்தது.

பிற்பாடு 'அறியப்படாத தமிழகம்' எழுதியபோதும் அதே வழிதான். உப்பு, பல்லாங்குழி என்று வீட்டுக்குள் கிடப்பவற்றை எடுத்துவைத்துக்கொண்டு சமூக வரலாறு பேசினார். அவர் படித்தது தமிழ். முதலாண்டு மாணவர்களிடம் இதைத்தான் முதலில் சொல்கிறேன்: உங்களுக்கு முன்னால் இதே படிப்பைப் படித்த ஒருவர், இதே திருநெல்வேலிச் சீமைக்காரர், இப்படி வேலை செய்திருக்கிறார்.

*

கலைப் படிப்பு என்று நான் நம்புவது இதை: ஒரு மனிதரிடமோ ஆவணத்திடமோ போய்க் கேட்பது, கேட்டதைப் பிசகாமல் எழுதுவது, எழுதியதற்குப் பொறுப்பேற்பது. வரலாறு, தமிழ், ஆங்கிலம், சமூகவியல், இதழியல், காட்சித் தொடர்பியல் என்று துறை வாசலில் பலகைகள் மாறலாம். உள்ளே நடக்கவேண்டிய வேலை ஒன்றுதான்.

நடக்கிறதா என்பது வேறு கேள்வி. பருவத் தேர்வுக்கு 75, இன்டர்னலுக்கு 25. அந்த 75-க்கும் கடை வீதியில் நோட்ஸ் கிடைக்கிறது. 'நேர்காணலின் வகைகளை விளக்குக' என்ற பத்து மதிப்பெண் வினாவுக்கு முழு மதிப்பெண் வாங்கிய மாணவர், மூன்றாண்டில் ஒருவரைக்கூட நேர்காணாமல் பட்டம் வாங்கிவிட முடியும். வேதியியல் மாணவர் பிப்பெட்டைத் தொடாமல் பட்டம் வாங்க முடியாது. கலைத் துறைகளுக்கு மட்டும் செய்முறை வேண்டாம் என்று யார் முடிவு செய்தார்கள்?

*

சேர்க்கை நாளில் அப்பாக்கள் கேட்கும் கேள்வி மாறுவதே இல்லை. "சார், இதப் படிச்சா என்ன வேலைக்குப் போவா?"

இந்தக் கேள்வியைக் கேட்கிறவர்மீது எனக்குக் கோபம் வந்ததில்லை. அவர் செங்கல் சூளையிலோ பீடிக் கடையிலோ நின்று சம்பாதித்த பணத்தில், வீட்டில் முதன்முறையாக ஒரு பிள்ளையைக் கல்லூரிக்கு அனுப்புகிறார். அவருக்கு நேரான பதில் தரவேண்டும். டி.என்.பி.எஸ்.சி. உண்டு, தமிழ்வழியில் படித்தவர்களுக்கு அரசு வேலையில் 20 விழுக்காடு முன்னுரிமை 2010-ஆம் ஆண்டுச் சட்டப்படி உண்டு. பி.எட். முடித்தால் ஆசிரியர் வேலை. செய்தித்தாள், தொலைக்காட்சி, மொழிபெயர்ப்பு, வசன வரி எழுதுவது, விளம்பர நிறுவனம், அருங்காட்சியகம், தொல்லியல் துறை. மாவட்டச் செய்தியாளர்களில் பலருக்கு மாதச் சம்பளம் கிடையாது, செய்திக்கு இவ்வளவு என்றுதான் கணக்கு. அதையும் மறைக்காமல் சொல்கிறேன்.

சொல்லிவிட்டு இன்னொன்றும் சொல்வேன். "உங்க மக ஒரு ஆபீசுக்குப் போயி, தனக்கு வேண்டியதக் கேட்டு, எழுதி வாங்கிட்டு வருவா. நாலு பேரு பேசுறதக் கேட்டு, யாரு என்ன சொன்னாங்கன்னு சரியா எழுதுவா." அப்பாக்களுக்கு இது உடனே புரிகிறது. தாலுகா அலுவலகத்தில் மனு எழுதிக்கொடுக்க ஆள் தேடி நின்றவர்கள் அவர்கள்.

*

கிராம சபைக் கட்டுரை. இதுதான் நான் கொடுக்கும் முதல் வேலை.

தமிழ்நாட்டில் இப்போது ஆண்டுக்கு ஆறு கிராம சபைகள்: ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. மாணவர்கள் ஜூன், ஜூலையில் சேர்கிறார்கள். ஆகஸ்ட் 15 கைக்கெட்டும் தூரத்தில் இருக்கிறது. அவரவர் ஊர்க் கூட்டத்துக்கு அவரவர் போகவேண்டும். கூட்டம் எத்தனை மணிக்கு என்று அறிவித்தார்கள், எத்தனை மணிக்குத் தொடங்கியது? எத்தனை பேர் வந்திருந்தார்கள், எத்தனை பேர் கையெழுத்திட்டார்கள்? பெண்கள் எங்கே உட்கார்ந்தார்கள், அவர்களில் எத்தனை பேர் பேசினார்கள்? என்ன தீர்மானம்? வரவு செலவை வாசித்தார்களா? ஐந்நூறு சொல்லில் எழுதிக் கொண்டுவர வேண்டும். 'சிறப்பாக நடைபெற்றது' என்ற தொடர் வரக்கூடாது.

குறைவெண் வரம்பு என்று ஒன்று உண்டு. மக்கள் தொகை 500 வரையுள்ள ஊராட்சியில் 50 பேர், 3,000 வரை 100 பேர், 10,000 வரை 200 பேர், அதற்கு மேல் 300 பேர் வந்திருக்க வேண்டும். இதைக் கரும்பலகையில் எழுதிப்போட்டு அனுப்பினால், அவர்கள் தலையை எண்ணத் தொடங்கிவிடுகிறார்கள். எண்ணத் தெரிந்தவருக்கு எழுதவும் வரும். நாற்பது பேர் உட்கார்ந்திருந்த கூட்டத்தில் நூற்றுக்கு மேல் கையெழுத்து இருந்தால், அதை உரைநடையில் எப்படிச் சொல்வது? குற்றச்சாட்டாக எழுதுவதா, இரண்டு எண்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துவிட்டு நகர்வதா? செய்தி எழுத்தின் அடிப்படையான பாடம் இந்த ஒரு வாக்கியத்துக்குள் வந்துவிடுகிறது. கையெழுத்துப் போட்டுவிட்டு வயலுக்குப் போனவர்களும் இருப்பார்கள். அதை விசாரித்தீர்களா என்று கேட்பேன். இல்லையென்றால் திரும்பப் போகவேண்டும்.

வாக்காளர் பட்டியலில் பெயர் இருக்கிற ஒவ்வொருவரும் கிராம சபையின் உறுப்பினர். பதினெட்டு நிரம்பிப் பெயர் சேர்த்துவிட்ட மாணவி அந்தக் கூட்டத்தில் பார்வையாளர் அல்ல, அவளே சபை. ஒருத்தி எழுந்து, தெருவிளக்குக்கு எவ்வளவு செலவானது என்று கேட்டுவிட்டாள். கூட்டம் திரும்பிப் பார்த்தது. ஊராட்சிச் செயலர் பதில் சொன்னார், தொகையோடு. அன்றைக்கு ராத்திரி அவளுடைய தாத்தா, "நீ கேட்டது நல்லாருந்துச்சும்மா, ஆனா எந்திரிச்சு நின்னப்ப கையக் கட்டிட்டு நின்னயே, அது வேண்டாம்" என்றாராம். இதையும் கட்டுரையில் எழுதியிருந்தாள். வெட்டாமல் விட்டேன்.

*

கலைக் கல்லூரிகளில் ஷிப்ட் முறை. காலைக் கல்லூரி முடிந்ததும் பையன்கள் செல்போன் கடைக்கும் ஜவுளிக் கடைக்கும் போகிறார்கள். முகூர்த்த நாளில் கேட்டரிங்கில் பரிமாறப் போகிறார்கள். 'வகுப்பில் தூங்குகிறான்' என்று ஒரு பையனைப் பற்றிப் புகார் சொல்லும் முன், முந்தின நாள் முகூர்த்தமா என்று காலண்டரைப் பார்க்கலாம். அரசுப் பள்ளியில் படித்துவந்த பெண்களுக்கு 2022 செப்டம்பர் முதல் புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் ஆயிரம் ரூபாய் வருகிறது. பையன்களுக்குத் தமிழ்ப் புதல்வன் 2024 ஆகஸ்டில் வந்தது. அந்த ஆயிரம் பெண்களின் வங்கிக் கணக்கில் விழுவதால் நோட்டு வாங்க, வெளியூர் போக, வீட்டில் கையேந்த வேண்டியதில்லை. களப்பணிக்கு வரமாட்டேன் என்று சொல்கிற பெண்கள் குறைந்துவருவதை நான் கண்ணால் பார்க்கிறேன்.

அனுமதி இன்னும் பெரிய தடைதான். "எதுக்கு ஊர் ஊராப் போகணும்? காலேஜ்ல பாடம் நடத்த மாட்டாகளா?" அம்மாக்கள் கேட்பதில் நியாயம் உண்டு. இரண்டிரண்டு பேராகத்தான் அனுப்புகிறோம். மாலை ஐந்து மணிப் பேருந்துக்கு முன் திரும்பும்படி ஊரைத் தேர்கிறோம். அதைவிட நல்ல வழி, அவளுடைய ஊரையே அவளுடைய களமாக்குவது. சொந்த ஊரை வெளியாள்போல் ஒருமுறை சுற்றிவருவது கடினமான பயிற்சி. எல்லாம் தெரியும் என்ற எண்ணத்தைக் கழற்றிவைக்க வேண்டியிருக்கிறது.

*

பத்தமடையில் பாய் நெய்கிற ஓர் அம்மாவிடம் இரண்டு மாணவிகள் போனார்கள். முதல் கேள்வி: "இந்தத் தொழிலில் நீங்கள் சந்திக்கும் பிரச்சினைகள் என்ன?"

"பிரச்சினயெல்லாம் ஒண்ணும் இல்லம்மா. நல்லாத்தான் போகுது."

"அரசு உதவி கிடைக்கிறதா?"

"ம், கிடைக்குது."

அவ்வளவுதான். அரை மணி நேரத்தில் கேள்வித்தாள் முழுவதும் முடிந்துபோனது. புறப்படப் போகும்போது ஒருத்தி, தறியில் பாதி நெய்தபடி இருந்த பாயைக் காட்டி, "இது யாருக்கு மாமி?" என்று கேட்டிருக்கிறாள்.

"வள்ளியூர்ல ஒரு கல்யாணத்துக்கு. பொண்ணு மாப்பிள்ள பேரு போட்டுக் கேட்டிருக்காவ. பேரு நீளமாப் போச்சு, அதான் எண்ணி எண்ணிப் போட வேண்டியிருக்கு."

அதற்குப் பிறகு பேச்சு நிற்கவில்லை. கோரையை எவ்வளவு மெல்லியதாகக் கீறுவது, ஓடுகிற தண்ணீரில் ஊறப்போடுவது ஏன், ஆற்றில் தண்ணீர் இல்லாத வருசம் என்ன செய்தார்கள், சாயம் எங்கிருந்து வருகிறது, பட்டுப்பாய்க்குக் கண் எந்த வயசு வரை தாங்கும், மகள் ஏன் இதைக் கற்றுக்கொள்ளவில்லை. 'பிரச்சினைகள் என்ன' என்ற கேள்விக்கு உரிய பதில் அத்தனையும் வந்துவிட்டது.

நேர்காணல் பாடத்தில் திறந்த வினா, மூடிய வினா என்று பிரித்துச் சொல்கிறோம். 'பிரச்சினைகள் என்ன' என்பது திறந்த வினா. 'இது யாருக்கு' என்பது மூடிய வினா. புத்தகத்தின்படி முதலாவதுதான் பேச்சைத் திறக்கவேண்டும். அந்த வீட்டில் கதவைத் திறந்தது இரண்டாவது. கண் முன்னால் இருக்கிற பொருளைப் பற்றி, பதில் உண்மையாகவே தெரியாமல், தெரிந்துகொள்ளும் ஆசையோடு கேட்ட கேள்வி அது.

*

பதிவு செய்வது எளிது. எழுதுவதுதான் பாடு.

ஒரு மணி நேரப் பேச்சை எழுத்தில் இறக்க ஐந்து ஆறு மணி நேரம் ஆகிறது. நிறுத்தி, பின்னால் ஓட்டி, திரும்பக் கேட்டு, எழுதி, மறுபடி ஓட்டி. இதைத் தண்டனையாக நினைக்கிற மாணவர்களிடம், கலைப் படிப்பின் மிக ஆழமான வாசிப்பு இதுதான் என்கிறேன். இரண்டாம் முறை கேட்கும்போதுதான் பேசிய தாத்தா தன் அண்ணனைப் பற்றிச் சொல்லவந்து பேச்சை மாற்றியது தெரிகிறது. மூன்றாம் முறை கேட்கும்போதுதான் நாம் குறுக்கே பேசி அவரை நிறுத்தியது தெரிகிறது.

பேச்சை எழுத்தாக்கித் தரும் செயலிகள் வந்துவிட்டன. தொலைக்காட்சித் தமிழை அவை நன்றாகவே எழுதுகின்றன. 'வந்தாவ', 'போனாவ', 'அங்கன', 'எய்யா' என்று பேசுகிற ஆச்சியிடம் தடுமாறுகின்றன; தடுமாறாதபோது அவள் பேச்சைத் திருத்திப் பொதுத்தமிழாக்கிவிடுகின்றன. இரண்டாவது ஆபத்தானது. முதல் படியைச் செயலி எடுத்துத் தரட்டும், தடையில்லை. காதோடு வைத்து வரிக்கு வரி ஒப்பிட்டுத் திருத்தும் வேலையை மாணவர்தான் செய்யவேண்டும்.

இடைசெவல் கி. ராஜநாராயணன் பள்ளிப் படிப்பையே முடிக்காதவர். வட்டாரச் சொற்களைத் திரட்டி 1982-இல் கரிசல் வழக்குச் சொல்லகராதியைக் கொண்டுவந்தார். பின்னாளில் புதுவைப் பல்கலைக்கழகம் அவரைப் பேராசிரியர் இருக்கையில் உட்காரவைத்தது. அவர் எந்தக் கருவியை நம்பினார் என்று மாணவர்கள் யோசிக்கட்டும்.

*

நா. வானமாமலையைப் பற்றித் தனியாக ஒரு வகுப்பு.

நாங்குநேரிக்காரர், 1917-இல் பிறந்தவர். பாளையங்கோட்டையில் தனிப்பயிற்சிக் கல்லூரி நடத்திப் பிழைத்தார். பல்கலைக்கழகப் பதவி இல்லை, ஆய்வு நிதி இல்லை. நெல்லை ஆய்வுக் குழு என்று ஒரு கூட்டத்தைச் சேர்த்தார். ஆசிரியர்களும் எழுத்தாளர்களும் உட்கார்ந்து கட்டுரை வாசிப்பார்கள், மற்றவர்கள் கேள்வி கேட்பார்கள், திருத்தி எழுதுவார்கள். 1969-இல் 'ஆராய்ச்சி' என்ற இதழைத் தொடங்கினார். நாட்டார் கதைப்பாடல்களைத் தேடிப் பதிப்பித்தார். முத்துப்பட்டன் கதை அப்படிப் பதிப்பானதுதான். அருந்ததியர் குலத்து அக்கா தங்கை இருவரை மணந்து, பூணூலை அறுத்துப்போட்டு, அவர்கள் மாட்டைக் காக்கப் போரிட்டு மாண்ட பிராமணனின் கதை. கொடை விழாக்களில் வில்லடித்துப் பாடிவந்த கதை அப்படித்தான் ஆய்வு மேசைக்கு வந்தது. பாளையங்கோட்டை தூய சவேரியார் கல்லூரியில் நாட்டார் வழக்காற்றியலுக்கென்றே துறை அமைந்ததை இந்த மண்ணின் தொடர்ச்சியாகத்தான் பார்க்கிறேன்.

இன்று எங்கள் துறைகளில் பாதி வகுப்புகளைச் சுமப்பவர்கள் கௌரவ விரிவுரையாளர்கள். முனைவர் பட்டமும் தகுதித் தேர்வும் முடித்தவர்கள். மே மாதம் ஊதியம் இல்லை என்ற நிலையில், மாணவர்களோடு ஊர் ஊராகச் சுற்றுங்கள் என்று அவர்களிடம் எந்த முகத்தோடு கேட்பது? அவர்கள் கேட்காமலே வருகிறார்கள். வானமாமலை செய்யவில்லையா என்று அதை நியாயப்படுத்த நான் தயாராக இல்லை. ஒருவர் தியாகத்தின்மீது ஒரு துறை நிற்கக்கூடாது. நிரந்தரப் பணியிடங்களை நிரப்பியாக வேண்டும்.

*

வரலாற்றுத் துறை நண்பர் ஒருவர் மாணவர்களுக்குக் கல்வெட்டுப் படியெடுக்கச் சொல்லித்தருகிறார். கல்லைத் தேய்த்துக் கழுவுவது, ஈரத்தாளை விரித்து ஒட்டுவது, தூரிகையால் தட்டித்தட்டி எழுத்தின் பள்ளத்துக்குள் தாளை இறக்குவது, கொஞ்சம் காய்ந்ததும் மைப்பந்தால் ஒற்றுவது. பள்ளம் வெள்ளையாகவும் மேடு கறுப்பாகவும் எழுத்து எழும்பும்போது சுற்றி நிற்கிற பிள்ளைகள் சத்தம் போடுகிறார்கள்.

பாண்டி நாட்டின் பழைய கல்வெட்டுகள் பல வட்டெழுத்தில் இருக்கின்றன. வரகுண பாண்டியன் காலத்து அம்பாசமுத்திரம் கல்வெட்டைப் பாடமாக வைக்கிறார். அரசன் 290 காசை இளங்கோக்குடிச் சபையாரிடம் கொடுக்கிறான். முதல் அப்படியே இருக்கவேண்டும். காசுக்கு ஆண்டுக்கு இரண்டு கலம் நெல் வட்டி. ஆக 580 கலம். அந்த நெல்லில் கோயில் அமுதுபடி. அரிசி எவ்வளவு, நெய் எவ்வளவு, தயிர், வாழைப்பழம், காய்கறி எவ்வளவு என்று எல்லாம் அளவோடு இருக்கிறது. ஆண்ட அரசர்களின் பெயர்ப்பட்டியலை உருப்போட்டு வெறுத்துப்போன பிள்ளைகள் இந்தக் கணக்கில் உட்கார்ந்துவிடுகிறார்கள். மகளிர் சுயஉதவிக் குழுவில் கணக்கெழுதும் அம்மாவின் மகள் ஒருத்தி, "முதலத் தொடக் கூடாதுன்னு அப்பவே எழுதி வச்சிருக்காங்களே சார்" என்றாளாம். வரலாறு அவளுக்கு அந்த இடத்தில் தொடங்குகிறது.

*

இதழியல் வகுப்புக்கு வீட்டுவரி ரசீது கொண்டுவரச் சொன்னேன். ரசீதில் நூலக வரி என்று ஒரு வரி இருக்கும். யாரும் அதுவரை கவனித்ததில்லை.

1948-இல் அன்றைய சென்னை மாகாணம் பொது நூலகச் சட்டம் இயற்றியது. விடுதலை பெற்ற இந்தியாவில் முதல் முறையாக. பின்னால் இருந்தவர் சீர்காழிக்காரரான எஸ். ஆர். ரங்கநாதன். அந்தச் சட்டத்தின்படி சொத்துவரியோடு சேர்த்து நூலக வரி பிடிக்கிறார்கள். இன்று ரூபாய்க்குப் பத்துப் பைசா. ஆக, ஓலைக்குடிசைக்காரர் முதல் மாடிவீட்டுக்காரர் வரை எல்லாரும் ஊர் நூலகத்துக்குப் பணம் கட்டியிருக்கிறார்கள்.

அடுத்து மனு. தகவல் அறியும் உரிமைச் சட்டத்தை நாடாளுமன்றம் 2005-இல் கொண்டுவந்தது. தமிழ்நாடு 1997-லேயே சொந்தமாக ஒரு சட்டம் இயற்றியிருந்தது. பத்து ரூபாய் நீதிமன்றக் கட்டண வில்லை ஒட்டி, பொதுத் தகவல் அலுவலருக்கு எழுதவேண்டும். எங்கள் ஊராட்சியில் ஓராண்டில் வசூலான நூலக வரி எவ்வளவு, அதில் நூலக ஆணைக்குழுவுக்குச் செலுத்தியது எவ்வளவு, எங்கள் ஊர் நூலகத்துக்கு வாங்கிய நூல்கள் எத்தனை. மூன்று கேள்விகள். முப்பது நாளுக்குள் பதில் வரவேண்டும்.

மனுவில் கேள்வியை எழுதுவதற்கு மொழித்திறம் வேண்டும். 'நூலகத்தை ஏன் கவனிப்பதில்லை' என்று எழுதினால் பதில் வராது. அது தகவல் அல்ல, கருத்து. ஆவணத்தில் இருக்கக்கூடியதைத்தான் கேட்கவேண்டும். கோபத்தைக் கேள்வியாகவும், கேள்வியை ஆவணத்தின் பெயராகவும் மாற்ற மாணவர்கள் படும் பாடு, எந்த இலக்கணப் பாடத்தைவிடவும் அவர்கள் வாக்கியத்தைச் செதுக்குகிறது.

*

1908 மார்ச் 12-இல் வ.உ.சி. கைதானார். மறுநாள் திருநெல்வேலி கொந்தளித்தது. நகராட்சி அலுவலகம் எரிந்தது. துப்பாக்கிச் சூட்டில் நான்கு பேர் இறந்தனர். ஆ. இரா. வேங்கடாசலபதி பல ஆண்டு ஆவணங்களுக்குள் கிடந்து அந்த நாளை நூலாக எழுதினார். அந்த நூலுக்கு 2024-ஆம் ஆண்டுக்கான சாகித்திய அகாதெமி விருது கிடைத்தது. அரசு ஆவணத்தை எழுதியவன் சுட்டவன் பக்கத்து ஆள். அவன் எழுதியதைக் கொண்டே சுடப்பட்டவர்களின் கதையை எப்படி மீட்பது? வரலாற்று மாணவருக்கும் செய்தி மாணவருக்கும் இதைவிட நெருக்கமான பாடம் எங்கள் ஊரில் இல்லை. தினமும் அவர்கள் பேருந்து மாறும் ஊர் அது.

*

காட்சித் தொடர்பியல் பிள்ளைகள் கேமராவுக்காகத்தான் வருகிறார்கள். வரட்டும், அந்த ஆசை நல்லது. முதல் பருவம் முழுவதும் நோட்டும் பேனாவும் மட்டும் போதும் என்று நான் வாதாடுகிறேன். சலூனில் ஒரு மணி நேரம் உட்கார்ந்து பார்த்ததை எழுது. பார்த்ததை மட்டும். 'மகிழ்ச்சியாக இருந்தார்' என்று எழுதாதே, கை என்ன செய்தது என்று எழுது. இதைச் செய்துவிட்டுக் கேமராவை எடுத்தவர்கள் எங்கே வைப்பது என்று யோசிக்கிறார்கள். செய்யாதவர்கள் எதைப் பார்த்தாலும் சுழற்றுகிறார்கள்.

*

மதிப்பெண் போட்ட பிறகு அசைன்மென்ட் எங்கே போகிறது? பழைய பேப்பர் கடைக்கு. தமிழ்நாட்டின் கலைக் கல்லூரிகளில் ஆண்டுதோறும் எத்தனை ஊர்க் கதைகள், எத்தனை தொழில் விவரங்கள், எத்தனை பாட்டிகளின் பேச்சு இப்படி எடைக்குப் போயிருக்கும் என்று நினைத்தால் நெஞ்சு பதறுகிறது. கோட்டையூரில் ரோஜா முத்தையா செட்டியார் தனியொருவராகச் சேர்த்த நூல்களும் இதழ்களும் துண்டு வெளியீடுகளும் சுமார் ஒரு லட்சம். அவர் மறைவுக்குப் பின் சென்னையில் அது ஆய்வு நூலகமானது. உலகத்தின் எந்த மூலையிலிருந்து தமிழை ஆராய வருகிறவரும் அங்கே போகிறார். ஒரு தனி மனிதர் அவ்வளவு செய்ய முடிந்ததென்றால் ஒரு கல்லூரியின் ஒரு துறை ஓர் அலமாரி அளவுக்காவது செய்ய முடியாதா?

சேர்த்த குரல்களை ஊருக்கே திருப்பித் தர வானொலி உண்டு. 2004 பிப்ரவரி 1-இல் அண்ணா பல்கலைக்கழகம் தொடங்கிய வானொலிதான் நாட்டின் முதல் வளாகச் சமுதாய வானொலி. பத்துப் பதினைந்து கிலோமீட்டருக்கு மட்டும் கேட்கும் வானொலி அது. அந்தச் சிறு வட்டத்துக்குள்தான் நம் மாணவர்கள் பதிவு செய்த குரல்களுக்கு உரியவர்கள் இருக்கிறார்கள். ஒவ்வொரு மாவட்டத்திலும் ஓர் அரசுக் கல்லூரியிலாவது இது வேண்டும்.

*

எங்கள் துறையில் ஓர் இரும்பு அலமாரியை இதற்கென்று ஒதுக்கியிருக்கிறோம். பதிவுகள் இரண்டு ஹார்டு டிஸ்க்கில். ஒன்று துறையில், ஒன்று நூலகத்தில். எழுத்துப்படிகள் யூனிகோடில்; டி.டி.பி. கடையின் பழைய எழுத்துருவில் கொண்டுவந்தால் மாற்றித்தான் வாங்குகிறோம், நாளைக்குத் தேடினால் கிடைக்க வேண்டும் என்பதற்காக. பேசியவரின் ஒப்புதல் தாள் கட்டாயம். எழுதத் தெரியாதவரானால் ஒப்புதலையும் குரலிலேயே பதிவு செய்யவேண்டும். பெயரை வெளியிட வேண்டாம் என்று அவர் சொல்லியிருந்தால் சிவப்பு மையில் குறிக்கவேண்டும்.

பதிவேட்டில் பத்தி பிரித்திருக்கிறோம்: வரிசை எண், தேதி, ஊர், பேசியவர், வயது, தொழில், பதிவு செய்தவர், நிமிடம், எதைப் பற்றி, எது விடுபட்டது. கடைசிப் பத்தியை மாணவர்கள் கேட்டுச் சேர்த்தார்கள். 'ஆத்துப் படித்துறைகளின் பெயர் சொன்னார், மேலக்கரை சொல்லவில்லை.' 'மாஞ்சோலைத் தேயிலைத் தோட்டத்திலிருந்து இறங்கியதைச் சொன்னார், சம்பளக் கணக்கைப் பிறகு சொல்வதாகச் சொன்னார்.' 'மகன் வந்ததும் நிறுத்திவிட்டார்.' அடுத்து வரும் முதலாண்டு மாணவர்களுக்குத் தலைப்புகளை நான் கொடுக்கப்போவதில்லை. அந்தக் கடைசிப் பத்தியிலிருந்து ஆளுக்கொன்று எடுத்துக்கொள்ள வேண்டும். முதல் வரிசையில் இருக்கும், மேலக்கரைப் படித்துறைகளைச் சொல்லாமல் விட்டவருக்கு இப்போது எண்பதுக்கு மேல் வயது. அந்தப் பெயர்களை ஜூலையிலேயே யாராவது போய்க் கேட்டாக வேண்டும்.